சைலன்ஸர் வீட்டு சோடா மிஷின்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் சைலன்ஸர். அவர் வண்டி மெக்கானிக் இல்லை, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவர் கை வைத்த ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதை உள்ளே கையை விட்டுக் குளிர்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு சத்தமில்லாமல் ஓடும். ஆளும் அப்படித்தான். கல்யாணமான புதிதில்கூட ஒரு நாள் முழுக்க அவர் பேசியதைச் சேர்த்தால் ஒரு தந்தி அடிக்கலாம், அதற்கு மேல் தேறாது. பெயர் வைத்தவர்கள் ஒரே பெயரில் ஆளையும் தொழிலையும் சேர்த்து முடித்துவிட்டார்கள்.

எனக்கு வாய்த்த வேலை இதற்கு நேர் எதிர். நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். முதல் நடைமேடைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு மேஜை, ஒரு மைக், கால் ஆடும் ஒரு நாற்காலி, நான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நான் ஆரம்பித்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மட்டுமல்ல, எதிர்ச் சாரியில் பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்திருக்கிறவர்களும் கேட்டாக வேண்டும். எங்கள் வேலையில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது சட்டம். முதல் முறை சொல்லும்போது ஜனங்கள் "என்னவோ சொல்றாங்க" என்று தலையைத் தூக்குவார்கள். இரண்டாவது முறைதான் விஷயம் உள்ளே இறங்கும். பஸ் தாமதம், ரத்து என்றால் கடைசியில் "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று சேர்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. பஸ்ஸை நிறுத்தியது நானா?

என் வீட்டுக்காரரின் வேலையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, பழுது பார்த்து முடித்த எதையும் உடனே திருப்பிக் கொடுக்க மாட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்து ஓட விடுவார். "பட்டறையில எல்லாமே சத்தமில்லாத மாதிரிதான் இருக்கும். ஜனங்க படுத்துத் தூங்குற வீட்டுல ஓடணும்" என்பது அவர் கட்சி. அதனால் எங்கள் கூடத்தில் எப்போதும் யாரோ ஒருவருடைய ஃப்ரிட்ஜ் நிற்கும். என் தக்காளி வாரம் ஒரு ஃப்ரிட்ஜில் குடியிருக்கும். விருந்தாளிகள் வந்தால், "போன தடவை பச்சையா இருந்துச்சே?" என்பார்கள். எங்களுக்கென்று ஒரு ஃப்ரிட்ஜ் இதுவரை கிடையாது.

இரண்டாவது வழக்கம், திருப்புளி. முழங்கை நீளத்துக்கு மரக் கைப்பிடி போட்ட ஒரு திருப்புளி வைத்திருக்கிறார். அதன் நுனியை ஓடுகிற கம்ப்ரஸரின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே என்ன நடக்கிறது என்று அதன் வழியாகக் கேட்குமாம். மெக்கானிக்குகள் நிறையப் பேர் செய்கிற காரியம்தான் அது. நன்றாக ஓடினால் அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை எங்கள் கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒரு படத்திலும் இல்லை.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இரண்டு வருஷமாக இந்த மனிதர் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முகத்துக்கு நேராக நின்று சொன்னால் "சரி, பாக்கலாம்" என்று ஒரு பதில் வரும். முதுகுப் பக்கமிருந்து சொன்னால் அதுவும் வராது. "சமையல்கட்டுல குழாய் ஒழுகுது" என்றால், "சரி, பாக்கலாம்." "உங்க தம்பி பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருக்கு" என்றால், "சரி, பாக்கலாம்." ஒரு நாள் வெறுத்துப்போய், "நான் நாளைக்குச் சாகலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். தட்டிலிருந்து நிமிராமல், "சரி, பாக்கலாம்" என்றார். சாப்பாட்டை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வேலை செய்யும் இடத்தில் இதைச் சொன்னால் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்?" என்றார்கள். அதைக் கேட்டு ஆறுதலாக இருந்தது. ஆனால் ஆறுதலை எத்தனை நாளைக்கு வைத்து ஓட்டுவது? நாள் முழுக்க முகம் தெரியாத ஜனங்களுக்காகத் தொண்டையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். அங்கே ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு என் பேச்சு வேண்டாம் என்றால் எனக்கு வலிக்காதா? வலித்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். தண்ணீரைத் திறந்துவிடவே தேவையிருந்திருக்காது என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. அந்த ஊர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் இடம் காலியாகிறது என்று தெரிந்ததும் நான் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். போட்ட அன்றே சாப்பாட்டு வேளையில் இவரிடம் சொன்னேன். எங்கள் தொழில் முறைப்படி இரண்டு முறை சொன்னேன்.

"மாத்தல் கேட்டிருக்கேங்க. கிடைச்சா பொண்ணு ஊருக்கே போயிடுவேன். நீங்க இங்கயே இருந்துக்கலாம்."

"சரி, பாக்கலாம்" என்றார்.

முப்பது வருஷ வாழ்க்கைக்கு இவ்வளவுதான் பதில் என்று நினைத்துக்கொண்டேன். அவர் குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார். ஊற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் லாட்ஜ்காரர் வந்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக லாட்ஜ் வைத்திருப்பவர். மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் பின்கட்டில் கிடந்த பழைய சோடா மிஷினை வாங்கி, என் கொழுந்தனின் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆள் உயரப் பெட்டி, வளைந்த தோள், ஒரு காலத்தில் சிவப்பு. பக்கவாட்டில் ஒல்லியான ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குள் பாட்டில்கள் கழுத்தை நீட்டிப் படுத்திருக்கும். காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் ஒரு பாட்டிலை மட்டும் உருவ விடும். மூடி திறக்கப் பெட்டியிலேயே ஒரு பல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உள்ளே எலி குடும்பம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது.

"வரவேற்பறையில வைக்கப் போறேன் சைலன்ஸர். வர்றவங்க பாத்து அசந்து போகணும்" என்றார் லாட்ஜ்காரர். மிஷினைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். "ஆனா ஒண்ணு. வரவேற்பறைக்கு மேலதான் ரூம் எல்லாம் இருக்கு. போன தடவை ஒரு புது ஃப்ரிட்ஜ் வாங்கி வெச்சேன். அது உறுமுன உறுமல்ல தங்கினவன் எல்லாம் காலையில என் மூஞ்சியிலயே முழிக்கலை, ஓடிட்டான். உங்களை விட்டா ஆள் இல்லைன்னுதான் வந்தேன். சத்தம் மூச்சுவிடக் கூடாது."

"சரி, பாக்கலாம்" என்றார் இவர்.

லாட்ஜ்காரருக்கு அதில் முழு நம்பிக்கை வந்துவிட்டது. ஒரே பதில்தான். எனக்கு வந்தால் எரிச்சல், அவருக்கு வந்தால் உத்தரவாதம்.

இவர் அந்த மிஷினோடு வீட்டுப் பின்பக்கப் பட்டறைக்குள் போனவர், சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தார். அதைச் சும்மா சொல்லக்கூடாது, வேலை என்றால் வேலைதான். எலி வீட்டைக் காலி செய்து, துரு முழுவதையும் தேய்த்து எடுத்து, ஓட்டை விழுந்த அடித்தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தார். பழைய கம்ப்ரஸர் இறுகிப்போயிருந்ததால், தன்னிடம் வருஷக்கணக்கில் பொத்தி வைத்திருந்த அதே காலத்துக் கம்ப்ரஸரை எடுத்து உட்கார வைத்தார். மிஷினின் அதிர்வு ஒரு சொட்டுகூடக் கம்ப்ரஸருக்கும், கம்ப்ரஸரின் அதிர்வு மிஷினுக்கும் போகக்கூடாது என்று அதற்குப் புதிதாக ரப்பர் கால்கள் போட்டார். தாமிரக் குழாய்களைப் பற்ற வைத்து, கேஸ் அடித்து, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். கல்லாகிப்போயிருந்த கதவு ரப்பரைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிது வளைத்து ஒட்டினார். காசு விழும் பெட்டியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். அது பழைய பிரஷ் அல்ல, என்னுடையது. சொன்னேன். "சரி, பாக்கலாம்" என்றார்.

கடைசியாக சிவப்பு அடித்தார். பழைய வர்ணம் ஒரு திருகாணிக்கு அடியில் மங்காமல் ஒளிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு, மாமியார் பெண் பார்ப்பது மாதிரி, கலக்கிக் கலக்கிப் பார்த்து அதே நிறத்தைக் கொண்டுவந்துவிட்டார். வெயிலில் நிறுத்தி வைத்தபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் என்ன?

பிறகு, வழக்கப்படி அது எங்கள் கூடத்துக்கு வந்தது. இவரும் தம்பியுமாகத் தூக்கிவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். தம்பி வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் பிளக்கைச் சொருகி, பின்பக்கம் குனிந்து, திருப்புளியைக் கம்ப்ரஸரில் வைத்து, கண்ணை மூடினார். முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது.

மிஷின் கத்த ஆரம்பித்தது. கத்தியது என்றால் சும்மா இல்லை. தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டுகிற சத்தம், நிற்காமல். அலமாரியில் டம்ளர்கள் தாளம் போட்டன. பக்கத்து வீட்டிலிருந்து சுவரை இடித்தார்கள். நான் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தேன்.

இவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "எப்படி? மூச்சு விடுற சத்தம்கூட இல்ல, பாத்தியா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக என்னிடம் வந்து பேசிய பேச்சு அதுதான்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கேலி செய்கிறார் என்று நினைத்தேன். போகிறேன் என்று சொன்னவளுக்கு, "இந்தச் சத்தத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்கிறேன்" என்று பதில் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? சத்தமே ஆகாத மனிதர். டம்ளரைச் சற்று வேகமாக வைத்தால் முகத்தைச் சுளித்த காலம் உண்டு.

"ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு மாவு மில்லாகிவிட்டது. மகள் போனில் கேட்டாள், "என்னம்மா, வீட்டை இடிக்கிறாங்களா?" என்று. "உங்க அப்பா சோடா மிஷின் ரிப்பேர் பண்ணியிருக்காரு" என்றேன். "பண்ணிட்டாரா, இனிமேதான் பண்ணணுமா?" என்றாள். அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். போனில் பேசுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். அதையும் நான் திமிர் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன். தூங்கப் போகும்போது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தேன். அவர் பக்கத்தில் குழந்தை மாதிரி தூங்கினார். அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இதற்கு நடுவில் தண்ணீர் குடிக்கவும் வழியில்லை. மிஷினைச் சோதிக்க வேண்டும் என்று வீட்டுத் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் அடைத்து உள்ளே வைத்திருந்தார். அது ஏற்றுக்கொள்வது இப்போது செல்லாத பழைய காசு. லாட்ஜ்காரர் அந்தக் காசில் ஒரு கை நிறையக் கொடுத்திருந்தார். தாகம் எடுத்தால் காசைப் போட வேண்டும், கைப்பிடியைத் திருப்ப வேண்டும், பாட்டிலை உருவ வேண்டும், பிறகு பின்பக்கம் போய்க் காசை எடுத்து அடுத்த ஆளுக்காக மேலே வைக்க வேண்டும். என் வீட்டுத் தண்ணீருக்கு நானே டிக்கெட் எடுத்துக் குடித்தேன்.

கொழுந்தன் ஒரு நாள் வந்தார். வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன அண்ணி, உள்ள ஜல்லி உடைக்கிறீங்களா?"

அண்ணன்காரர் தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மிஷினை ஒரு தட்டுத் தட்டி, "எப்படிடா? சத்தம் இருக்கா பாரு" என்றார்.

கொழுந்தன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, அதாவது அந்த இரைச்சலில் எனக்கு மட்டும் கேட்கும்படி கத்தி, "அண்ணன் உங்க மேல ஏதோ வீம்புல இருக்காரு அண்ணி. கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கும் அதற்கு மேல் எட்டவில்லை.

மாற்றல் உத்தரவு வந்த நாளும், மறுநாள் காலையில் மிஷினை எடுத்துக்கொள்ள வருவதாக லாட்ஜ்காரர் என் அலுவலக நம்பருக்குச் சொன்ன நாளும் ஒன்றாகவே அமைந்தன. காலை ஷிப்ட் முடிந்து, உத்தரவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கத்தக்கூடாது, அழக்கூடாது, தெளிவாக, நிறுத்தி, இரண்டு முறை. என் தொழில்தானே அது.

கூடத்தில் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. இவர் அதன் பின்பக்கம், எனக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திருப்புளியின் கைப்பிடி காதுக்குப் பின்னால். எனக்குத் தாகம். காசைப் போட்டேன், திருப்பினேன், பாட்டிலை உருவினேன். குளிரில் வேர்த்திருந்த பாட்டில் கையிலிருந்து வழுக்கி, அவருக்கு ஒரு எட்டுத் தூரத்தில் தரையில் விழுந்து உடைந்தது. பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறியது. ஒரு சில்லு அவர் பக்கம்கூட ஓடியது.

அவர் திரும்பவில்லை.

பெண்டாட்டியை அலட்சியம் செய்கிற ஆண்களை எனக்குத் தெரியும். எவ்வளவு அலட்சியமான ஆளாக இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தால் திரும்புவான். தோளாவது ஒரு முறை தூக்கிப்போடும். அதற்கும் வீம்புக்கும் சம்பந்தமில்லை. இவர் தோள் அசையவில்லை. கண்ணை மூடி, கம்ப்ரஸரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் கையிலிருந்த பையை வைத்தேன். "ஏங்க" என்றேன். அசைவில்லை. மைக் முன்னால் பேசுகிற குரலை எடுத்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்துச் "சரி, பாக்கலாம்" எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. ஒழுகுகிற குழாய், முளைத்த பல், நாளைக்குச் சாகிற நான், மாற்றல். அவர் எதையும் ஒதுக்கவில்லை. அவருக்கு எதுவும் போய்ச் சேரவே இல்லை.  உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பாவி மனுஷா, பாவி மனுஷா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் நான்தான் கேட்டேன்.

பிறகுதான் மறுநாள் காலை ஞாபகம் வந்தது. லாட்ஜ்காரர் வருவார். இந்த இரைச்சலைக் கேட்பார். சைலன்ஸர் என்று பெயர் வைத்த அதே ஊர் வேறு பெயர் வைக்கும். காது கேட்காதவனிடம் ஃப்ரிட்ஜைக் கொடுத்து யார் சத்தம் பார்க்கச் சொல்வார்கள்? இந்த வேலையைத் தவிர இந்த மனிதருக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. மிஷின் கத்துகிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்காத ஆளுக்கு எப்படிச் சொல்வது?

சுற்றிப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் அவர் திருப்புளியின் நுனியைப் பிடித்தேன். கைப்பிடியை அவர் காதிலிருந்து எடுக்க விடாமல், நுனியை மட்டும் கம்ப்ரஸரிலிருந்து நகர்த்தினேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அத்தனை நாள் அதோடு குடித்தனம் செய்தவள் ஆயிற்றே. கம்ப்ரஸருக்கு மேலே ஒரு விசிறி. அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. அந்தக் கூண்டின் மேல் நுனியை வைத்து அழுத்தினேன்.

அவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், அடி வாங்கியவர் மாதிரி.

பிறகு அவரே திருப்புளியை எடுத்து மறுபடி கூண்டில் வைத்தார். பக்கத் தகட்டில் வைத்தார். கதவில் வைத்தார். எழுந்து போய் டம்ளர் அலமாரியில் வைத்தார். சுவரில் வைத்தார். வீடு முழுக்க அந்தச் சத்தம் அவருக்கு முன்னால் போய் நின்றிருந்தது. விசிறியின் ஒரு இறக்கை வளைந்து கூண்டில் உரசியிருக்கிறது, அவ்வளவுதான். கம்ப்ரஸருக்கு அவர் போட்ட ரப்பர் கால் அவ்வளவு சுத்தமான வேலை, வெளியே நடக்கும் கலவரம் ஒன்றும் உள்ளே எட்டவில்லை. அவர் கம்ப்ரஸரைத்தான் கேட்டார். திருப்புளி தொட்ட இடம் மட்டும்தான் அவருக்கு உலகத்தில் பேசியது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா கத்துது?"

அவர் முகத்துக்கு நேராக வாயை நன்றாகத் திறந்து, "கொண்டாந்து வெச்ச நாள்லேருந்து" என்றேன். என் உதட்டையே பார்த்தார். அப்படித்தான் இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறார் என்று புரிந்தது.

"நீ சொல்லவே இல்லையே" என்றார்.

அந்த நிமிஷத்திலும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைப்பானேன். "நான் வேற சொல்லணுமா?" என்று கத்தினேன். "ஏழாம் நடைமேடை வரைக்கும் கேட்டிருக்கும்! நீங்க ஏன் சொல்லலை? ரெண்டு வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

 "வேலை போயிடும்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "அதுகூட இல்ல. நீ மைக்ல பேசுறவ. உன் குரல் கேக்கலைன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

காது டாக்டரைப் பிறகு போய்ப் பார்த்தோம். காற்றில் வருகிற சத்தம் உள்ளே போகிற வழிதான் கெட்டிருக்கிறது, எலும்பு வழியாகப் போனால் கேட்கிறது என்று விளக்கினார். ஒரு இரும்புக் கவையைத் தட்டி இவர் தலையில் வைத்தும் காட்டினார். திருப்புளிக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, திருப்புளியால் திருகாணியாவது கழற்றலாம். சின்னதாக ஒரு மிஷின் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். "அது சத்தம் போடுமா?" என்று இவர் கேட்டார்.

ஆனால் அன்று சாயந்திரம் டாக்டர் இல்லை, நானும் அவரும்தான் இருந்தோம். வளைந்த இறக்கையை நிமிர்த்தினார். கூண்டு இனிமேல் ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் ரப்பர் வேண்டும் என்று தேடி, என் செருப்பின் குதிகாலில் ஒரு துண்டு வெட்டினார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிளக்கைச் சொருகினோம். அவர் மிஷினைப் பார்க்கவில்லை, திருப்புளியையும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் காதை வைத்து, பின்பக்கம் போய், பக்கவாட்டில் போய், எதிர் மூலையில் நின்று கேட்டேன். எங்கேயோ தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. மிஷின் இருக்கிற இடம் தெரியவில்லை. தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

காலையில் லாட்ஜ்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஓடுதா சைலன்ஸர்?" என்று கேட்டார். இவர் ஒரு பழைய காசை எடுத்து அவர் கையில் வைத்தார். லாட்ஜ்காரர் காசைப் போட்டுத் திருப்பினார், பாட்டிலை உருவி, குளிர்ச்சியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அடேங்கப்பா, இது ஓடுதுன்னு சத்தியம் பண்ணினாத்தான் நம்புவாங்க" என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று உதட்டில் பிடிபடவில்லை போலிருக்கிறது. நான் கண்ணைச் சிமிட்டினேன். "சரி, பாக்கலாம்" என்றார் லாட்ஜ்காரரிடம். கொழுந்தனும் லாட்ஜ்காரரும் மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஷின் சத்தமில்லாமல் போவதைப் பார்த்த கொழுந்தன், "வீம்பு இறங்கிடுச்சா அண்ணி?" என்று என் காதருகே கேட்டுவிட்டுப் போனார்.

கூடம் காலியாகிவிட்டது. மிஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. என் பையை அலமாரியிலிருந்து எடுத்தபோது மாற்றல் உத்தரவு நழுவி விழுந்தது. இவர் குனிந்து எடுத்தார். நின்றபடியே படித்தார். திருப்பி மறுபடி மேலிருந்து படித்தார்.

"எப்பச் சொன்ன?" என்றார்.

விரலை மடக்கி, சாப்பிடுகிற மாதிரி காட்டினேன். அவருக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே போனார். நான் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது கையில் திருப்புளி இருந்தது. அதைச் சட்டையில் நன்றாகத் துடைத்தார். கைப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நுனியை மெதுவாக என் கழுத்துக்குக் கீழே, காறை எலும்பின் மேல் வைத்தார். இரும்பு சில்லென்று இருந்தது.

"சொல்லு" என்றார்.

இரண்டு வருஷத்து வார்த்தை நெஞ்சு முட்டக் கிடந்தது. திட்ட வேண்டியது ஒரு வண்டி இருந்தது. வாயைத் திறந்தேன்.  வேலை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பழகின வாயில் பழகினதுதான் வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். கம்ப்ரஸர் சரியாக ஓடினால் வருமே, அந்தச் சிரிப்பு வந்தது. அங்கேயே நிறுத்திவிடலாம் போலிருந்தது. ஆனால் அறிவிப்பைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் என்னிடம் கிடையாது.

"மூன்றாவது நடைமேடையிலிருந்து மகள் ஊருக்குப் புறப்பட வேண்டிய பேருந்து ரத்து செய்யப்பட்டுள்ளது. பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

"கேட்டுச்சு" என்றார்.

இனி இவர் "கேட்டுச்சு" என்பதை நான் அப்படியே நம்புவதாக இல்லை. "என்ன கேட்டுச்சு? திருப்பிச் சொல்லுங்க" என்றேன்.

எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது எங்கள் சட்டம். இரண்டாவது முறையை அன்று அவர் சொன்னார். திருப்புளியை எடுக்காமல், கண்ணைத் திறக்காமல், ஒரு வார்த்தை விடாமல், நடைமேடை நம்பரோடு சொன்னார். கடைசி வரி வந்ததும் அங்கே நின்றார். பிறகு கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்து, "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.